கூடமே கோணலாயிருந்தால்?

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. தன் குறையை மறைப்பதற்காகப் பிறிதொன்றின்மேற் பழி சுமத்துவோரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது? நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தி கோணற் கூடத்திற் கால் இடறி விழுந்து, "எனக்குத்தான் ஆடத் தெரியவில்லை" என்று தலைகுனிந்து வீடு திரும்பினால், அந்த அநீதியை யார் எடுத்துச் சொல்வது? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இந்தக் கேள்வியைத்தான். கூடம் என்று யான் இங்கே குறிப்பது, நம்மிற் பெரும்பாலோர் கையிற் கொண்டு திரியும் கைத்தொலைபேசியின் திரையை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வசிக்கிறார். வயது எண்பதை அண்மித்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காசுக்கட்டளை எழுதியும், முத்திரை குத்தியும், ஒரு சதமேனும் பிசகாமற் கணக்கு ஒப்புவித்தும் வந்தவர். மனைவி காலமான பின் தனியாகவே இருந்துகொண்டு, மின்சாரக் கட்டணம் முதல் மருந்துச் செலவு வரை தமது கருமங்களைத் தாமே கவனித்து வந்தார். வங்கியின் செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கி, அதன் வழியாகப் பணம் அனுப்பவும் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்ததை யான் அறிவேன்.

சில மாதங்களுக்கு முன்னர், பேத்தியின் தனியார் வகுப்புக்காக 5,000 ரூபாய் அனுப்ப முனைந்தார். இலக்கங்களைத் தட்டும்போது ஒரு பூச்சியம் கூடுதலாக விழுந்துவிட்டது. அதை அவர் கவனித்தார். கவனித்துத் "திருத்துக" என்னும் பொத்தானைத் தொட விரலை நீட்டினார். விரல் பட்டதோ, அதனை ஒட்டியிருந்த "உறுதிசெய்க" என்னும் பொத்தானில். 50,000 ரூபாய் போய்விட்டது. பெற்றவர் நேர்மையுள்ளவர், மிகுதிப் பணம் மறுநாளே திரும்பி வந்தது. ஆனால் அந்த முதியவரின் தன்னம்பிக்கை அதனோடு கூடத் திரும்பி வரவில்லை.

"பிழை என்னிலைதான், தம்பி. கை முந்தின மாதிரி இல்லை. வயது போனால் இதுகளைத் தொடக்கூடாது" என்றார்.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. பணம் அனுப்ப வேண்டிய போதெல்லாம், சந்திக் கடையில் நிற்கும் இளைஞன் ஒருவனிடம் தொலைபேசியையும் கொடுத்து, இரகசிய இலக்கத்தையும் சொல்லிவிடுகிறார்! அந்த இளைஞன் நல்லவன். அவனை யான் குறை கூறவில்லை. ஆயினும், பிறர் பணத்தை முப்பது ஆண்டு காத்த ஒருவர், தமது பணப் பெட்டியின் திறப்பைத் தாமாகவே பிறர் கையிற் கொடுக்கும் நிலை எதனால் வந்தது என்று எண்ணிப் பார்த்தேன்.

விடைத்தாள்களுக்குக் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துச் சென்று, அச்செயலியின் பொத்தான்களை அவர் முன்னிலையிலேயே அளந்தேன். ஒவ்வொரு பொத்தானின் உயரமும் ஐந்து மில்லிமீற்றரை எட்டவில்லை. இரண்டுக்குமிடையே இருந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றர். வளர்ந்த ஒருவரின் விரல்நுனியோ ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீற்றர் அகலமுடையது. விரல் இறங்கும்போது அது பொத்தானையும் மறைத்துவிடும். எங்கே தொடுகிறோம் என்பதைக் கண் காண முடியாது. இவ்வாறிருக்க, பிழை விட்டது யார்? கையா, கூடமா?

இந்தக் கேள்வி புதியதன்று. இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலேயே இது எழுந்து, விடையும் காணப்பட்டது. அமெரிக்க விமானப் படையின் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே வயிறு தரையில் உராயச் சரிந்து விழும் விபத்துகள் திரும்பத் திரும்ப நேர்ந்தன. இறக்கைத் தட்டுகளை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கிவிட்டதே காரணம். "விமானியின் தவறு" என்று அறிக்கைகள் எழுதப்பட்டன. 1943-ஆம் ஆண்டிலே அல்போன்ஸ் சபானிஸ் என்னும் இளம் உளவியலாளர் இதை ஆராய்ந்தார். அவர் விமானிகளை மட்டும் விசாரிக்கவில்லை. அவர்கள் அமரும் இடத்தையும் போய்ப் பார்த்தார். சக்கரத்தை இயக்கும் பிடியும், இறக்கைத் தட்டை இயக்கும் பிடியும் ஒரே வடிவில் அருகருகே அமைந்திருந்தன. அவ்விரு பிடிகளும் விலகியிருந்த வேறுவகை விமானங்களில் இத்தகைய விபத்து நிகழவில்லை!

சபானிஸ் கண்ட பரிகாரம் மிக எளியது. சக்கரப் பிடியின் நுனியில் இரப்பரால் ஆன சிறு சக்கரம் ஒன்றையும், மற்றப் பிடியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தினார். இருட்டிலும் களைப்பிலும் கை தடவியே இனங்காண முடிந்தது. விபத்துகளும் நின்றன. இன்று நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் பிடி சக்கர வடிவமாகவே இருக்கிறது.

யுத்தம் முடிந்த பின், 1947-இல், போல் பிற்ஸ் என்பவரும் றிச்சட் ஜோன்ஸ் என்பவரும் "விமானியின் தவறு" எனப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறக்குறைய பாதி, ஒரு பிடியை மற்றொன்றென மயங்கி இயக்கியதால் நேர்ந்தவை. பல்வேறு மனிதர் ஒரே இடத்தில் ஒரே பிழையை விடுவார்களாயின், பிழை மனிதரிடத்தில் இல்லை; அந்த இடத்திலேயே இருக்கிறது. ஆசிரியத் தொழிலிலும் இதை நாம் காண்கிறோம். வகுப்பில் ஒரு மாணவன் வினாவைத் தவறாக விளங்கினால் அவனைத் திருத்தலாம். முப்பது மாணவரும் ஒரே விதமாகத் தவறினால், வினாத்தாள் எழுதியவரே திருந்த வேண்டும்.

இதே பிற்ஸ் 1954-இல் மற்றொரு பரிசோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை இடைவெளி விட்டு வைத்து, கோல் ஒன்றினால் அவற்றை மாறி மாறித் தட்டும்படி 16 பேரைக் கேட்டார். தகட்டின் அகலத்தைக் கால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரையும், இடைத்தூரத்தை 2 அங்குலம் முதல் 16 அங்குலம் வரையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். இலக்குச் சிறுத்தாலும் தூரம் கூடினாலும் தட்டுவதற்கு எடுக்கும் நேரம் கூடியது. அந்தக் கடினம் தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதே அவர் கண்ட விதி. தூரம் இரு மடங்கானாலும் அகலமும் இரு மடங்கானாற் கடினம் ஏறாது. தூரம் மாறாமல் அகலம் பாதியானாற் கடினம் ஏறிவிடும். கைத்தொலைபேசி என்பதே கனவாக இருந்த காலத்திற் கண்டறிந்த இவ்விதி, இன்று ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு பொத்தானையும் ஆளுகின்றது.

2007-ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் தனது முதலாவது ஐபோனை வெளியிட்டது. பதித்த விசைகள் மறைந்தன. கண்ணாடித் திரையே விசைப்பலகையாயிற்று. பழைய விசைகளுக்கு மேடும் பள்ளமும் உண்டு. அமுக்கினாற் கையிற் புலப்படும். கண்ணாடிக்கோ அக்குணம் இல்லை. ஆகவே பொத்தான் குறைந்தது எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்று வரையறுப்பது அவசியமாயிற்று. அப்பிள் நிறுவனம் நீளமும் அகலமும் 44 அலகு என்று வகுத்தது. கூகிள் நிறுவனம் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு 48 அலகு என்று பரிந்துரைத்தது. இவை திரையிலே ஏறத்தாழ 7 முதல் 9 மில்லிமீற்றர் வரை வரும். இணைய உலகின் பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ-3-சி என்னும் சர்வதேச அமைப்பு, 2018-இல் 44 அலகை உயர்தர அளவாகவும், 2023-இல் 24 அலகைக் குறைந்தபட்ச அளவாகவும் வைத்தது. பொத்தான் அந்தக் குறைந்தபட்ச அளவிலும் சிறிதாயின், சுற்றிலும் போதிய வெற்றிடம் விடுதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது. எழுத்தை இரு மடங்காகப் பெருப்பித்தாலும் செய்தி சிதையலாகாது என்பனவும் அவ்வமைப்பின் விதிகளே.

இவற்றை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோதான் நம் தபாலதிபர் ஐயாவின் செயலி அமைக்கப்பட்டது.

"இது முதியோருக்கும் கண்பார்வை குன்றியோருக்கும் உரிய விஷயந்தானே? நமக்கு எதற்கு?" என்று இளைஞர் வினவலாம். பொறுங்கள். நாற்பது வயதைக் கடந்த எவரும் வெள்ளெழுத்துக்குத் தப்புவதில்லை. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை நெகிழ்ச்சி குன்றி, அண்மைப் பொருளின்மேற் பார்வையைக் குவிக்க இயலாது போவதே வெள்ளெழுத்து. இக்கட்டுரையாளனும் இப்போது தொலைபேசியைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டித்தான் வாசிக்கிறான். கைநடுக்கம் உள்ளவர் தொடும்போது விரல் சற்றே வழுக்கினால், தொலைபேசி அதனைத் தட்டலாகக் கொள்ளாமல் இழுத்தலாகக் கொள்ளும். முதுமையில் உலர்ந்த விரலையும், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலையும் சில வேளைகளிற் கண்ணாடித் திரை உணர்வதேயில்லை.

இளமையும் ஆரோக்கியமும் உடையோருக்கும் இந்த இடர் உண்டு. ஒரு கையிற் குழந்தையை ஏந்தி மறுகையால் வைத்தியருக்கு அழைப்பு எடுக்கும் தாய், குலுங்கும் பேருந்தில் ஒரு கையாற் கம்பியைப் பிடித்து நிற்கும் மாணவன், உச்சி வெயிலிலே திரை மங்கித் தெரியும் விவசாயி, கட்டுப்போட்ட விரலோடு இருக்கும் தச்சுத் தொழிலாளி—இவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு நம் தபாலதிபர் ஐயாவின் நிலையிலேயே இருக்கின்றனர். பெரிய பொத்தான் முதியவருக்குத் தருமமாக இடப்படும் பிச்சையன்று. எல்லோருக்கும் பொதுவான நல்ல படிக்கட்டு.

அடுக்களையிலிருந்தே ஓர் உதாரணம் கூறலாம். அமெரிக்காவிலே சாம் பாபர் என்பவரின் மனைவிக்குக் கைமூட்டு வாதம். மெல்லிய உலோகப் பிடியுள்ள தோல் சீவியை அவராற் பிடிக்க முடியவில்லை. அதைக் கண்ட கணவர், இரப்பர்போன்ற மெத்தென்ற தடித்த பிடியுடைய தோல் சீவியொன்றை வடிவமைக்கச் செய்து, 1990-இல் ஒக்ஸோ என்னும் பெயரிற் சந்தைக்குக் கொண்டுவந்தார். வாதமுள்ளோர் மட்டுமல்லர், எக்குறையும் இல்லாதோரும் அதையே விரும்பி வாங்கினர். ஒருவருடைய வலியைக் கூர்ந்து நோக்கியதனாற் பலருடைய வேலை இலகுவாயிற்று.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைத்தல் முறையன்று. திரை சிறியது, எல்லாவற்றையும் பெரிதாக்கினாற் பாதிப் பொருள்கூட அதில் அடங்காது. வேண்டியதைத் தேடித் திரையை உருட்டிக்கொண்டே இருக்க நேரிடும். திரையைப் பெரிதாக்கினாலோ, ஒரு கையாற் பிடிக்கும்போது பெருவிரல் மேல்மூலைக்கு எட்டாது. மக்கள் தொலைபேசியை எவ்வாறு பிடிக்கின்றனர் என்று 2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்னும் வடிவமைப்பாளர் தெருக்களிலும் பொது இடங்களிலும் 1,333 பேரை அவதானித்தார். திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தோரிற் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரு கையாலேயே அதைக் கையாண்டனர் என்று அவர் கண்டார். ஆகவே "பெரிதாக்குக" என்ற ஒற்றைச் சொல் போதாது. எதைப் பெரிதாக்குவது, எதை விலக்குவது, எதை எங்கே வைப்பது என்று தெரிவு செய்தல் வேண்டும்.

அத்தெரிவுதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை. ஒரு திரையிற் பன்னிரண்டு பொத்தான்களை நெருக்குவது எளிது. அவற்றுள் நாள்தோறும் வேண்டப்படுவன நான்கே என்று கண்டு, ஏனையவற்றை அடுத்த திரைக்கு அனுப்புவது அரிது. பணம் அனுப்பும் பொத்தானையும் பின்வாங்கும் பொத்தானையும் விலக்கி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. "நீங்கள் அனுப்பும் தொகை ஐம்பதினாயிரம் ரூபாய், சரியா?" என்று எண்ணாலும் எழுத்தாலும் பெரிதாகக் காட்டி வினவுவது, பழைய காசுக்கட்டளைத் தாளிலே நம் முன்னோர் தொகையை எழுத்திலும் எழுதிய முறைதான். அழகு கெட்டுவிடும் என்போருக்கு ஒன்று கூறுவேன்: கோயிற் படி அழகாயிருப்பது அதன் சித்திர வேலையினால் மட்டுமன்று, கிழவியும் குழந்தையும் பயமின்றி ஏறக்கூடிய அகலத்தினாலும் ஆம்.

தமிழருக்கு இதிற் சிறப்பான அக்கறை ஒன்றும் உண்டு. செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை மனத்திற் கொண்டு அளக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்கும் சொல், தமிழில் "இரத்துச் செய்க" என நீளும். பெட்டியில் இடமில்லாமற் சொல்லின் வால் அறுக்கப்பட்டு மூன்று புள்ளிகள் இடப்படும். "கணக்கை இணைக்க", "கணக்கை நீக்க" என்னும் இரண்டும் வாலறுந்து "கணக்கை..." என்றே நின்றால், வாசிப்பவர் எதை அறிவார்? மேலும், நம் எழுத்திலே ஒரு புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஒரு சுழி மறைந்தால் நெடில் குறிலாகிவிடும். ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது. தமிழ்ச் செயலி என்பது சொற்களைப் பெயர்த்து வைப்பதன்று. அச்சொற்கள் மூச்சுவிட இடம் கொடுப்பதுமாகும்.

இது தயவு தாட்சணியம் சார்ந்த விஷயம் மட்டுமன்று, உரிமையுமாகும். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சாசனத்தின் ஒன்பதாம் உறுப்புரை, கட்டடங்களையும் போக்குவரத்தையும் போலவே தகவல் தொடர்புச் சாதனங்களும் எல்லோரும் அணுகக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. இலங்கை அச்சாசனத்தை 2016-இல் உறுதிப்படுத்தி ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ வங்கிச் சேவை, பயணச்சீட்டு, இணைய வணிகம் முதலியவற்றுக்கு அணுகல் வசதி கட்டாயம் என்னும் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நம் வீட்டிலே இன்றே செய்யக்கூடியன சில உண்டு. தொலைபேசியின் அமைப்புகள் பகுதியில், எழுத்தின் அளவைப் பெருப்பிக்கும் வசதியும், திரையிலுள்ளவை அனைத்தையும் பெருப்பிக்கும் வசதியும் உள. அணுகல்தன்மை என்னும் பிரிவிலே, எழுத்தைத் தடிப்பாக்கவும், திரையின் ஒரு பகுதியை உருப்பெருக்கிக் காணவும், தொடுகையை எவ்வளவு நேரத்தின் பின் ஏற்பது என்று தீர்மானிக்கவும், திரையிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கச் செய்யவும் வழிகள் உள. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் இவற்றை அமைத்துக் கொடுக்க அரைமணி நேரம் போதும். அமைக்கும்போது தொலைபேசியை அவர்கள் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள். அவர்களே தொட்டுச் செய்யட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் இரகசிய இலக்கத்தை வெளியார் எவரிடமும் சொல்லாதிருக்கவும் எடுத்துரையுங்கள்.

செயலி அமைக்கக் கற்கும் மாணவ மணிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆக்கத்தை ஆசிரியரிடம் காட்டுமுன் உங்கள் பாட்டியின் கையிற் கொடுங்கள். "இங்கே தொடுங்கள், அங்கே தொடுங்கள்" என்று வாய் திறவாமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அவர் தவறிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அடிமட்டத்தை எடுத்து அந்த இடத்தை அளந்து பாருங்கள். எப்பெரிய பாடநூலும் கற்பிக்காத பாடம் அது.

தபாலதிபர் ஐயாவிடம் அன்று யான் அளவுகளைக் காட்டியபோது, அவர் அடிமட்டத்தைக் கையில் வாங்கித் தம் சுட்டுவிரலை அதன்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். பின் நிமிர்ந்து, "அப்ப, முத்திரை குத்தின கையிலை பிழை இல்லை எண்டு சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா" என்றேன்.

அன்றே இரகசிய இலக்கத்தை மாற்றினோம், எழுத்தைப் பெருப்பித்தோம். ஆயினும் அந்தச் செயலியின் பொத்தான்கள் பெருக மறுத்துவிட்டன. அவ்வமைப்பை மதிக்கும்படி அது ஆக்கப்படவில்லை. சிறு தொகைகளை இப்போது அவரே அனுப்புகிறார். பெருந்தொகையாயின் பேருந்தேறி வங்கிக்குச் சென்று, வரிசையில் நின்று செலுத்துகிறார். பொத்தானின் அளவு, இடைவெளி, அவற்றாற் போன பணம் யாவற்றையும் குறித்து வங்கிக்கு அவரே தம் முத்துப்போன்ற கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

அந்தக் கடிதம் யாருடைய மேசையில் இருக்கிறதோ, அவர் அதனை ஒரு முதியவரின் முறைப்பாடு என்று ஒதுக்கிவிடாதிருப்பாராக. நாளை அவருக்கும் எண்பது வயதாகும்.